தேரி நிலத்தில் கால்டுவெல்: புலம்பெயர்ந்தோர் ஒருவரின் நிலப்பழக்கமும் சமூகப் புரிதலும்

தமிழியல் ஆய்வுலகில் இராபர்ட் கால்டுவெல்லின் பெயர் 1856ஆம் ஆண்டோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. அவ்வாண்டில் இலண்டனில் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலிருந்து தொடங்கி, 1816இல் இக்கருத்துக்கு வித்திட்ட எல்லிஸை நோக்கிப் பின்செல்வதும், இருபதாம் நூற்றாண்டு அரசியலை நோக்கி முன்செல்வதும் ஆய்வுகளின் வழக்கமான போக்காக உள்ளன. அந்நூலை எழுதியவர் அதற்குமுன் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஆண்டுகளைச் செம்மணலும் பனையும் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் கழித்தார் என்பது அடிக்குறிப்பு அளவிலேயே பேசப்படுகிறது. அயர்லாந்தில் பிறந்து, ஈரமும் குளிரும் மிக்க கிளாஸ்கோ நகரில் வளர்ந்த ஒருவர் திருநெல்வேலியின் தென்கோடியில் எவ்வாறு வேர்கொண்டார் என்னும் வினா அவருடைய புலமையைப் புரிந்துகொள்வதற்கும் இன்றியமையாதது. உடலும் செவியும் புதிய நிலத்துக்கு விரைவில் இணங்கின. அந்நிலத்து மக்களை மதிப்பிடும் பார்வை அதே வேகத்தில் மாறவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான கால இடைவெளி அவருடைய வாழ்க்கையில் மிகுந்த சிக்கலை விளைவித்த ஒன்றாகும்.

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியிலுள்ள கிளாடி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காத்லாந்து வழியினர். பத்தாம் வயதில் குடும்பம் கிளாஸ்கோவுக்கு இடம்பெயர்ந்தது. இளமையில் டப்ளின் சென்று ஓவியம் பயின்றார். பின்னர் இலண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அங்குக் கிரேக்கப் பேராசிரியர் டேனியல் சான்ட்ஃபோர்டின் வகுப்புகள் மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் ஆர்வத்தை அவருள் தூண்டின. இந்தியா வருவதற்கு முன்பே மூன்று ஊர்களில் வாழ்ந்து, ஒவ்வொன்றின் பேச்சையும் பழக்கத்தையும் புதிதாகக் கற்க நேர்ந்தவர் அவர். அவருடைய பிற்கால வாழ்வை நோக்கும்போது இதைச் சிறு செய்தியாகக் கருத இயலாது.

சென்னையும் அதன் வேலியும்

1837ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் புறப்பட்ட 'மேரி ஆன்' கப்பல், வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றோடு மோதிச் சேதமுற்றது. பிளிமத் துறையில் பழுதுபார்க்கப்பட்ட பின் பயணம் தொடர்ந்தது. அக்கப்பலில் தெலுங்கறிஞர் சார்லஸ் பிலிப் பிரௌன் உடன் வந்தார். தென்னிந்திய மொழிகளைப் பற்றி முன்னரே அறிந்திருந்த ஒருவரோடு நெடுநாள் உரையாடும் வாய்ப்பு கால்டுவெல்லுக்கு இவ்வாறு கடலிலேயே கிட்டியது. 1838 சனவரி 8ஆம் நாள் சென்னையில் கரையிறங்கியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று.

சென்னையில் மூன்றரை ஆண்டுகள் தங்கினார். திருக்குறளை ஆங்கில உரைநடையில் மொழிபெயர்த்த துரூ அங்கு அவருடைய உடன்பணியாளர். தமிழ் கற்றல் ஒழுங்காகவே நடந்தது. ஆனால் அக்காலச் சென்னையில் ஐரோப்பியர் ஒருவர் தமிழ் நிலத்தில் வாழ்வதற்கு நிலத்தோடு பழக வேண்டிய தேவையே இருக்கவில்லை. கோடையில் பங்கா வீசிற்று. வெயிலில் பல்லக்கு தாங்கிற்று. மாலையில் கடற்காற்று கிடைத்தது. பேச்சுத் துணைக்கு ஆங்கிலமும் ஏவலுக்குச் சில தமிழ்ச் சொற்களும் போதுமானவையாக இருந்தன. நகரம் அவரைப் பாதுகாத்தது. அந்தப் பாதுகாப்பே அவரைத் தமிழ் வாழ்வினின்று தள்ளியும் வைத்தது. சமயக் கோட்பாட்டு நோக்கில் ஆங்கிலிகன் திருச்சபையை நாடிய அவர், 1841இல் இலண்டன் மிஷன் சங்கத்தை விட்டு விலகி, நற்செய்திப் பரப்புதல் சங்கத்தில் சேர்ந்தார். புதிய பணியிடமாகத் திருநெல்வேலிச் சீமை அமைந்தது.

நடைப்பயணம்

அப்பணியிடத்துக்கு அவர் சென்ற முறை கவனத்துக்குரியது. பல்லக்கையும் குதிரையையும் தவிர்த்து, 1841ஆம் ஆண்டின் நடுவில் சென்னையிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார். மக்களின் வழக்கங்களையும் பேச்சையும் நேரில் அறிவதே நோக்கம். சிதம்பரம், மாயவரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் வழியாக நீலகிரியை அடைந்தார். செப்டம்பர் 19ஆம் நாள் உதகமண்டலத்தில் பேராயர் ஸ்பென்சரிடம் குருப்பட்டம் பெற்றார். அங்கிருந்து மீண்டும் சமவெளிக்கு இறங்கி, மதுரை, திருநெல்வேலி வழியாக ஆண்டின் இறுதியில் இடையன்குடி வந்து சேர்ந்தார்.

பரிவாரமின்றி நடந்து வரும் வெள்ளையர் அக்காலத்தில் அரிய காட்சி. பதவியின் அடையாளங்களைக் களைந்துவிட்ட ஐரோப்பியருக்கு வழியூர்களில் தாமாகவே மதிப்புக் கிடைத்துவிடவில்லை. ஏறுவெயிலில் எத்தனை நாழிகை நடக்கலாம், எங்கே நிழல் கிடைக்கும், எந்தச் சத்திரத்தில் யாருக்கு இடம் உண்டு, யாரிடம் தண்ணீர் கேட்கலாம், யார் தரமாட்டார் என்பனவற்றை வழியே அவருக்குக் கற்பித்தது. காவிரிப் படுகையின் நன்செய், கொங்கின் கரிசலும் செம்மண்ணும், நீலகிரியின் குளிர், தெற்கின் வறள்நிலம் ஆகிய அனைத்தையும் ஒரே ஆண்டில் காலால் அளந்தவர் அவர். ஊருக்கு ஊர் மாறும் பேச்சொலிகளையும் அதே வரிசையில் கேட்டிருப்பார். வட்டார வழக்குகளைப் பிழையெனத் தள்ளாமல் மொழி வரலாற்றின் சான்றுகளாகக் கொள்ளும் பிற்கால மனப்பாங்குக்கு இப்பயணம் ஒரு தோற்றுவாய் எனக் கருதுவதில் தவறில்லை.

இடையன்குடி

இடையன்குடி என்பது ஆயர் குடியிருப்பைக் குறிக்கும் பெயர். கால்டுவெல் வந்தபோது அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலார் பனைத்தொழில் செய்தோர். கிறித்தவச் சபை ஒன்று முன்னரே இருந்தது; ஆகவே அவரை அவ்வூரின் முதல் சமயப் பணியாளராகச் சித்திரிக்கும் போற்றியுரைகள் திருத்தத்துக்குரியன.

அந்நிலத்தின் இயல்பைச் சற்று விரித்துரைப்பது தேவை. கடலுக்கு அணித்தான அப்பகுதியில் தேரி எனப்படும் செம்மணற் பரப்புகள் காணப்படுகின்றன. ஆடி மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்று அம்மணலை வாரி இறைக்கும். மேல்காற்று வீசும் மாதங்களில் மலைக்கு அப்பால் கேரளத்தில் மழை கொட்ட, இப்பக்கம் காற்றும் புழுதியுமே மிஞ்சும். மழைக்கு ஐப்பசி, கார்த்திகையை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆண்டின் எல்லா மாதங்களிலும் மழை பெய்யும் நாட்டில் வளர்ந்தவருக்கு, ஆண்டையே மழைக்காகக் காத்திருக்கும் காலமாகக் கழிக்கும் ஒரு மக்கள் கூட்டத்தின் நாட்காட்டி முற்றிலும் புதியது.

அந்த நாட்காட்டியை வகுத்தது வெயில் மட்டுமன்று, பனையுந்தான். ஏறத்தாழ மாசி தொடங்கி ஆவணி வரை பனையேறிகள் காலையும் மாலையும் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயங்களில் பதனீர் இறக்கினர். விடிலிகளில் பெண்கள் பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்த்தனர். ஓலை கூரைக்கும் பெட்டிக்கும், நார் கட்டுக்கும், மரம் உத்தரத்துக்கும், நுங்கும் கிழங்கும் உணவுக்கும் உதவின. குளிர்நாட்டுத் திருச்சபை வகுத்தளித்த பள்ளி நேரமும் வழிபாட்டு நேரமும் பனையேற்றப் பருவத்தோடு முரண்பட்டன. மரத்தின்மீது இருப்பவரை மணியடித்து அழைக்க இயலாது. ஊரின் வேலைநேரத்துக்குப் பணியாளர்தாம் இணங்க வேண்டியிருந்தது. பனைத்தொழிலைப் பற்றிக் கால்டுவெல் பின்னர் எழுதிய பகுதிகளில் காணப்படும் நுணுக்கம், ஒரு பருவம் வந்து பார்த்துப்போனவருக்குக் கைவரக்கூடியதன்று.

அவர் நிலத்துக்கு இணங்கியதோடு நிலத்தை மாற்றவும் முயன்றார். நேரான தெருக்கள் வகுக்கப்பட்டன, கிணறுகள் தோண்டப்பட்டன, மரங்கள் நடப்பட்டன, பள்ளிகள் எழுந்தன. 1847இல் தொடங்கிய தேவாலயக் கட்டுமானம் 1880 சூலை 6ஆம் நாள் அர்ப்பணிப்போடு நிறைவெய்த முப்பத்து மூன்றாண்டுகள் ஆயின. கோதிக் பாணியில் அமைந்த அக்கட்டடம் பனங்காட்டுக்கிடையே எழுந்த ஐரோப்பிய வடிவம். தாம் பிறந்த நாட்டின் உருவங்களைத் தேரியில் நட வேண்டும் என்னும் விழைவு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. உள்ளூர்க் கல்தச்சரைக் கொண்டு அறியாத வடிவமொன்றை எழுப்பிய அம்முயற்சியில் இளமையில் பயின்ற ஓவியக் கல்வி பயன்பட்டது.

எலைசாவும் பேச்சுத் தமிழும்

1844ஆம் ஆண்டு கால்டுவெல் எலைசா மால்ட்டை மணந்தார். எலைசா நாகர்கோவிலில் பணியாற்றிய சார்லஸ் மால்ட்டின் மகள். தென்தமிழ்ப் பேச்சைச் செவிவழிக் கேட்டு வளர்ந்தவர். கணவர் ஏட்டிலிருந்தும் ஆசிரியரிடமிருந்தும் கற்ற தமிழை, மனைவி சமையற்கட்டிலும் கிணற்றடியிலும் பெற்றிருந்தார். ஐரோப்பிய ஆடவர் நுழைய முடியாத பெண்கள் உலகம் எலைசாவுக்குத் திறந்திருந்தது. இடையன்குடியில் அவர் பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். தம் தாயார் நாகர்கோவிலில் தொடங்கிய சரிகைப் பின்னல் தொழிலை இங்கும் கொண்டுவந்தார். கால்டுவெல்லைப் பற்றிய ஆய்வுகள் எலைசாவுக்கு ஒரு பத்திக்குமேல் ஒதுக்குவதில்லை. பேச்சுவழக்கின் வாழும் வடிவங்கள் நாள்தோறும் தம் இல்லத்திலேயே ஒலிக்கக் கேட்டமை ஓர் ஒப்பிலக்கண ஆசிரியருக்கு எத்தகைய வாய்ப்பு என்பது இன்னும் உரிய அளவில் மதிப்பிடப்படவில்லை.

மொழிப் பழக்கம் பண்பாட்டுப் பழக்கமாக மாறும் இடங்களுள் தன்மைப் பன்மை ஒன்று. கேட்போரை உட்படுத்தும் 'நாம்', விலக்கும் 'நாங்கள்' என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. கூட்டு வழிபாட்டில் கடவுளை விளித்துப் பேசும்போது ஒன்று, மக்களை நோக்கிப் பேசும்போது மற்றொன்று எனத் தேராமல் தமிழில் ஒரு வேண்டுதலைக்கூடச் சொல்ல முடியாது. ஞாயிறுதோறும் இத்தேர்வைச் செய்தாக வேண்டிய நிலையில் இருந்தவர், ஒப்பிலக்கணத்தில் தன்மைப் பன்மையின் இருவடிவங்களை விரிவாக ஆராய்ந்ததும், தமிழ் விவிலியத் திருத்தக் குழுவில் பங்கேற்றதும் ஒரே அனுபவத்தின் கிளைகளாகும்.

1849ஆம் ஆண்டு நூல்

இடையன்குடிக்கு வந்த எட்டாம் ஆண்டில், 1849இல், திருநெல்வேலிச் சாணார் என்னும் ஆங்கில நூல் வெளிவந்தது. இன்று நாடார் எனப்படும் சமூகத்தின் தொழில், வழிபாடு, பழக்கவழக்கம் பற்றிய அந்நூல், பணிக்குப் பொருளுதவி நல்கும் இங்கிலாந்து வாசகரை முன்னிறுத்தியது. பனைத்தொழிலைக் கூறும் இடங்களில் கூர்மையான கண் தெரிகிறது. மக்களின் அறிவாற்றலையும் வழிபாட்டையும் மதிப்பிடும் இடங்களில் அக்கண் மங்கிவிடுகிறது. ஊர்த் தெய்வ வழிபாடு பேய் வழிபாடாகச் சுருக்கப்பட்டது. ஒரு சமூகத்தின் தகுதி ஐரோப்பிய அளவுகோலால் அளக்கப்பட்டுக் குறைவெனத் தீர்க்கப்பட்டது. அவர்களின் தோற்றம் வட இலங்கையிலிருந்து வந்த குடியேற்றமாக விளக்கப்பட்டது.

நூல் இலண்டனோடு நின்றுவிடவில்லை. ஆங்கிலம் கற்ற அச்சமூகத்தார், அவருடைய பள்ளிகள் போன்றவற்றில் கற்றவர்களே, அதைப் படித்தனர். 1857இல் நாசரேத் வட்டாரத்தில் சட்டம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் ஐரோப்பியப் பணியாளரின் அதிகாரத்தை மறுத்து இந்து கிறித்தவச் சபையைத் தோற்றுவித்தார். அதன் காரணங்கள் பல. நூல் விளைவித்த மனக்காயத்தை அவற்றினின்று பிரித்து நோக்க இயலாது. 1880களில் எதிர்ப்பு மேலும் உரத்து, மறுப்பு நூல்களாகவும் விண்ணப்பங்களாகவும் வெளிப்பட்டது.

கால்டுவெல்லைப் போற்றுவோர் இந்நூலை இளமைக்காலப் பிழையெனக் கடந்துவிடுகின்றனர். தூற்றுவோர் அதையே முழு மனிதராகக் கொள்கின்றனர். இரண்டும் நிறைவு தருவனவல்ல. அந்நூலை எழுதியபோது அவர் அம்மக்களின் நீரைக் குடித்து, அவர்களின் பருவத்துக்குத் தம் நாளை ஒழுங்குசெய்து, அவர்களின் மொழியில் நாள்தோறும் பேசியவர். அந்நெருக்கம் இருந்தும் மதிப்பீடு அவ்வாறு அமைந்தது என்பதே ஆராயத்தக்கது. வெயிலுக்கு இணங்குமாறு நிலமே மனிதரைக் கட்டாயப்படுத்துகிறது. மேனிலையில் இருப்பவர் தம் மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளுமாறு கட்டாயப்படுத்துவார் எவரும் ஊரில் இல்லை. பள்ளி, சபை, நில உரிமை, அரசு அலுவலரோடு பேசும் வாய்ப்பு ஆகிய அனைத்தும் அவர் கையில் இருந்தன. அவரைத் திருத்தக்கூடிய குரல்கள் எழுத்து வடிவம் பெறுவதற்கு ஒரு தலைமுறைக் கல்வி தேவைப்பட்டது.

ஒப்பிலக்கணமும் அதன் பின்னும்

1854இல் உடல்நலம் குன்றித் தாயகம் சென்றவர் 1857 வரை அங்குத் தங்கினார். அவ்விடைவெளியில்தான் ஒப்பிலக்கணம் அச்சேறியது. திராவிட மொழிகள் வடமொழியினின்று பிறந்தன அல்ல. தமக்கெனத் தனி இலக்கண அமைப்பு உடையவை என்பதை எண்ணுப்பெயர், இடப்பெயர், வேற்றுமை, வினை ஆகியவற்றின் ஒப்பீட்டால் அந்நூல் நிறுவ முயன்றது. 1875இல் வெளிவந்த விரிவான இரண்டாம் பதிப்பு, எழுத்து வழக்கற்ற தோடா, கோத்தா முதலியவற்றையும் உள்ளிட்டுப் பன்னிரண்டு மொழிகளைக் கருத்தில் கொண்டது. செந்தமிழ் இலக்கியத்தோடு கொடுந்தமிழ் வழக்கும் மொழி வரலாற்றுக்குச் சான்றாகும் என்னும் அணுகுமுறை அந்நூலில் தொழிற்படுகிறது. தேரியில் கழிந்த ஆண்டுகள் இல்லாமல் இவ்வணுகுமுறை இத்துணை இயல்பாகக் கைகூடியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

இரண்டாம் பதிப்பின் பிற்சேர்க்கைகளுள் ஒன்று, தாழ்த்தப்பட்டோர் திராவிடரா என்னும் வினாவை எழுப்பி, அவர்களும் திராவிட இனத்தவரே என முடிவு கண்டது. அவர் மறைவுக்குப்பின் 1913இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அப்பகுதி நீக்கப்பட்டது. 1849ஆம் ஆண்டு நூலையும் இப்பிற்சேர்க்கையையும் அடுத்தடுத்து வாசிப்போர்க்கு, சமூகங்களைப் பற்றிய அவரது நோக்கு ஓரிடத்தில் உறைந்து நிற்கவில்லை என்பது புலப்படும். மூன்றாம் பதிப்பை மட்டும் அறிந்தோர்க்கு அம்மாற்றத்தின் ஒரு சுவடு கிட்டாமற் போயிற்று.

நிலத்தைப் படிக்கும் ஆற்றல் முதுமையில் முழுமை பெற்றது. கொற்கை, காயல் ஆகிய இடங்களில் அகழ்ந்து கண்டவற்றை 1877இல் வெளியிட்டார். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடற்கரை விலகிச் செல்ல, துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கும் பின்னர்த் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது என்பது அவர் விளக்கம். இலக்கியச் சான்று, கல்வெட்டு, நாணயம் ஆகியவற்றோடு ஆற்றுப் போக்கையும் மண்ணின் அடுக்கையும் வைத்து நோக்கிய இவ்விளக்கம், அந்நிலத்தில் முப்பத்தைந்தாண்டுகள் நடந்தவருடையது. 1881இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாறும் இவ்வகையினதே.

அதே காலத்தில் பெரும்பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய அப்பஞ்சத்தின் நடுவே, 1877 மார்ச்சு 11ஆம் நாள் கல்கத்தாவில் அவர் உதவிப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மழை பொய்த்தால் அந்நிலத்தில் என்ன நேரும் என்பதை அறிய அவருக்கு அறிக்கைகள் வேண்டியிருக்கவில்லை. நிவாரணப் பணியில் முனைந்து ஈடுபட்டார். அவ்வாண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் சபையை நாடினர். பசியும் நம்பிக்கையும் கலந்த அந்நிகழ்வை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் விவாதம் அன்றே எழுந்தது, இன்றும் ஓயவில்லை.

1883இல் அவர் இடையன்குடியை விட்டுத் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். கடற்றுறை, இருப்புப்பாதை, கல்லூரி ஆகியவை அமைந்த அந்நகரம் மறைமாவட்டப் பணிக்கு வசதியானது. நாற்பதாண்டுகளுக்குமேல் வெயிலைத் தாங்கிய உடல் இறுதிக்காலத்தில் அவ்வெயிலை ஏற்க மறுத்தது. கோடை மாதங்களில் கொடைக்கானலின் குளிரை நாடினார். அங்கும் ஒரு தேவாலயம் எழுப்பினார். மும்முறை தாயகம் சென்றபோதும் நிலையாகத் திரும்பிச் செல்லும் எண்ணத்தை அவர் கொள்ளவில்லை. இந்நாட்டு வெயிலுக்கு மாற்றாக இந்நாட்டு மலையையே தேர்ந்தார்.

1891 தொடக்கத்தில் பணி ஓய்வு பெற்ற கால்டுவெல், அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். குளிர்ந்த மலைமேல் அடக்கம் செய்வது எளிதாக இருந்திருக்கும். உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டுச் சமவெளி கடந்து தெற்கே கொண்டுசெல்லப்பட்டது. முப்பத்து மூன்றாண்டுகள் கட்டிய இடையன்குடித் தேவாலயத்தின் பலிபீடத்தடியில், ஆடிக்காற்று வாரி இறைத்த செம்மணல் சூழ்ந்த ஊரில், அவர் அடக்கம் செய்யப்பட்டார்.